பெரியப்பாவின் ரேடியோ இருபது நிமிடம் ஊமையாகிப் போனது ஏன்?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரியட்டும். 2024 அக்டோபர் 3, வியாழக்கிழமை, புரட்டாசி மாதம், நவராத்திரி ஆரம்பித்த நாள். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து டொங்காட்டில் உங்கள் பெரியப்பா மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு தன் ஹாம் ரேடியோவில், 7 மெகாஹெர்ட்ஸ் ஷார்ட்வேவில், ஜோஹன்னஸ்பர்க் சிநேகிதரோடு பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டேகால் மணி வாக்கில் எதிர்ப்பக்கத்துக் குரல் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கி ஒரேயடியாக அடங்கிவிட்டது. ஆன்டெனாக் கம்பி அறுந்துவிட்டதோ என்று அவர் மாமரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்திருக்கிறார், கம்பி சரியாகத்தான் இருந்தது. இருபது நிமிடம் போனதும் குரல் தானாகத் திரும்பி வந்தது. அதே நேரத்தில் சமையலறையில் லோட்டஸ் எஃப்எம் ஒரு குறையுமில்லாமல் பாடிக்கொண்டிருந்தது, உங்கள் செல்போனும் வேலை செய்தது. சாயங்காலம் பார்த்தால் சூரியச் சுடர், அதாவது சூரியனில் திடீரென்று வெடித்துக் கிளம்புகிற கதிர்வீச்சு, என்று செய்தி. பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் நடந்தது டொங்காட் வரை வந்து ஒரு ரேடியோவை மட்டும் பொறுக்கியெடுத்து அடக்குமா, அடக்கும் என்றால் எஃப்எம் எப்படித் தப்பித்தது, படகில் கடலுக்குப் போகிற நீங்கள் இதற்குப் பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அடக்கும். அன்றைக்கு அடக்கியதும் அதுதான். நம் நேரப்படி மதியம் 2.18க்கு எக்ஸ்9.0 அளவுள்ள சுடர் உச்சத்துக்கு வந்தது, இந்தப் பதினோரு வருஷச் சூரியச் சுழற்சியில் அதுவரை பதிவானவற்றில் அதுதான் பெரியது. அந்த நேரத்தில் சூரியன் ஆப்பிரிக்கப் பக்கம்தான் இருந்தது, ஆகவே அடி நேராக நமக்கு. உங்கள் பெரியப்பா மட்டுமில்லை, துறைமுகத்தில் பல வருஷம் ரேடியோ பழுதுபார்த்து ஓய்வு பெற்ற நானும் டர்பனின் மெரிபேங்கில் என் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அதே வேடிக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே வித்தியாசம், நான் மாமரத்தடிக்குப் போகவில்லை. சின்ன வயதில் இதே மாதிரி ஒரு மதியம் நல்ல ரிசீவர் ஒன்றைத் திருகு திருகாகக் கழற்றிப்போட்டு மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான், அந்தப் பாடம் இன்னும் மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஷார்ட்வேவ் அலை மேலே போய், வானத்தில் கண்ணாடி மாதிரி இருக்கிற அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித்தான் தூரத்து ஊருக்குப் போய்ச் சேர்கிறது. பலரும் இதை எழுதும்போது "அயனி மண்டலம் பாதிக்கப்பட்டது", "சீர்குலைந்தது" என்று எழுதுகிறார்கள். கேட்பவருக்கு என்ன தோன்றும்? வானத்தில் ஒரு கண்ணாடி இருந்தது, சூரியன் கல்லெறிந்து அதை உடைத்துவிட்டது என்றுதான் தோன்றும். நடப்பது அதற்குத் தலைகீழ். கண்ணாடி உடையவில்லை, இன்னும் கொஞ்சம் பளபளப்பாகக்கூட ஆகிறது. ஆனால் அதற்குக் கீழே சாம்பிராணிப் புகை போட்ட மாதிரி ஒரு மூட்டம் கனத்துவிடுகிறது. அலை கண்ணாடி வரை போய்ச் சேர முடியவில்லை, தப்பித்தவறிச் சேர்ந்தாலும் திரும்பி வரும் வழியில் மறுபடி அதே மூட்டத்தைக் கடக்க வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

அந்த மூட்டம் எங்கே இருக்கிறது? தரையிலிருந்து 60 கிலோமீட்டர் தொடங்கி அதற்கு மேலுள்ள காற்றில், சூரியனின் கதிர்கள் அணுக்களிலிருந்தும் மூலக்கூறுகளிலிருந்தும் எலக்ட்ரான்களை உதிர்த்துவிடுகின்றன. அப்படி உதிர்ந்த எலக்ட்ரான்கள் நிறைந்த பகுதியைத்தான் அயனி மண்டலம் என்கிறோம். மேலே 200, 300 கிலோமீட்டர் உயரத்தில் எஃப் அடுக்கு, நம் ஷார்ட்வேவ் அலைகளைத் திருப்பி அனுப்புகிற கண்ணாடி அதுதான். நூறு சொச்சத்தில் இ அடுக்கு. எல்லாவற்றுக்கும் அடியில், 60 முதல் 90 கிலோமீட்டருக்குள், டி அடுக்கு. எழுத்துகள் டி-யில் தொடங்குவதற்கு ஏ, பி, சி என்று வேறு மூன்று இருப்பதாக அர்த்தமில்லை. பெயர் வைத்த எட்வர்ட் ஆப்பிள்டன் இ-யில் தொடங்கி மேலும் கீழும் எழுத்தை ஒதுக்கிக்கொண்டு போனார், அவ்வளவுதான். 1924இல் அவர் செய்த சோதனைதான் இந்த அடுக்குகள் நிஜம் என்று காட்டியது, 1947இல் நோபல் பரிசும் வாங்கிக்கொடுத்தது.

டி அடுக்கில் எலக்ட்ரான்கள் குறைவு, காற்று அதிகம். மேலே எஃப் அடுக்கில் காற்று மிக மிக மெலிந்தது, எலக்ட்ரான் தன் பாட்டுக்கு ஆடலாம். ரேடியோ அலை வந்து ஓர் எலக்ட்ரானைத் தொட்டால் அது ஊஞ்சல் மாதிரி ஆடத் தொடங்கும், ஆடுகிற எலக்ட்ரான் தான் வாங்கிய சக்தியை அலையாகவே திருப்பிக் கொடுத்துவிடும், கணக்கு நேராகிவிடும். ஆனால் 80 கிலோமீட்டர் உயரத்தில் அந்த எலக்ட்ரான் நொடிக்குப் பத்து லட்சம் தடவை அளவுக்குப் பக்கத்து மூலக்கூறுகளோடு மோதுகிறது. 70 கிலோமீட்டருக்கு இறங்கினால் ஐம்பது லட்சம். காவடி அன்று கோயில் வாசல் கூட்டத்துக்கு நடுவே ஊஞ்சல் கட்டி ஆடச் சொன்னால் என்ன ஆகும்? ஒவ்வொரு வீச்சிலும் யார் மேலாவது இடிக்கும், வாங்கிய வேகமெல்லாம் இடியிலேயே தீர்ந்துவிடும். அலை கொடுத்த சக்தி இப்படித்தான் வெறும் சூடாக மாறிப் போகிறது. அலை திரும்புவதில்லை, சிதறுவதும் இல்லை, தின்னப்படுகிறது.

இது தினமும் பகலில் கொஞ்சம் நடப்பதுதான். மீடியம் வேவில் தூரத்து நிலையங்கள் இருட்டிய பிறகே கேட்பதற்குக் காரணம் இதே டி அடுக்குதான், சூரியன் மறைந்ததும் அது கரைந்துவிடும். பழைய ஆட்களுக்கு எல்.எம். ரேடியோ ஞாபகம் இருக்கும், லொரென்ஸோ மார்க்கஸிலிருந்து, அதாவது இன்றைய மாபுட்டோவிலிருந்து, 1975 வரை வந்துகொண்டிருந்தது. போர்வைக்குள் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு கேட்டவர்களிடம் விசாரித்துப் பாருங்கள், ராத்திரி கதைதான் சொல்வார்கள்.

சாதாரணப் பகலில் டி அடுக்கை உண்டாக்குவது பெரும்பாலும் சூரியனின் ஒரே ஒரு புறஊதா நிறம், 121.6 நானோமீட்டர், லைமன் ஆல்ஃபா என்பார்கள். அங்கே சொற்பமாக இருக்கிற நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகளிலிருந்து மட்டும்தான் அது எலக்ட்ரானை உதிர்க்க முடியும், நைட்ரஜனிலிருந்தும் ஆக்சிஜனிலிருந்தும் உதிர்க்கிற பலம் அதற்கு இல்லை. ஆகவே பகல் மூட்டம் மெலிதாகவே இருக்கும், நம் அலைகள் கொஞ்சம் இளைத்துப்போய் வந்தாலும் வந்து சேர்ந்துவிடும். சுடர் வெடிக்கும்போது நிலைமை மாறுகிறது. 0.1 முதல் 0.8 நானோமீட்டர் வரையுள்ள எக்ஸ் கதிர்கள் கொட்டுகின்றன. இவற்றுக்கு ஆள் பார்க்கிற வழக்கமே கிடையாது, நைட்ரஜன், ஆக்சிஜன் என்று கண்ணில் பட்டதிலிருந்தெல்லாம் எலக்ட்ரானை உதிர்க்கும். அலைநீளம் குட்டையாகக் குட்டையாகக் காற்றைத் துளைத்துக்கொண்டு இன்னும் ஆழமாக இறங்கும், அதனால்தான் அடி விழுவது கீழ் அடுக்கில்.

இங்கே ஒரு கணக்குச் சொல்கிறேன், எனக்கு இது எப்போதும் ஆச்சரியம்தான். எக்ஸ்1 என்றால் பூமியருகே ஒரு சதுர மீட்டருக்கு 0.0001 வாட் எக்ஸ் கதிர் வருகிறது என்று அர்த்தம். எம் வகுப்பு அதில் பத்தில் ஒன்று, சி இன்னும் பத்தில் ஒன்று, இப்படியே இறங்கும். அக்டோபர் 3இன் எக்ஸ்9 என்பது 0.0009 வாட். மொத்த வெயில் சதுர மீட்டருக்கு 1361 வாட். அதாவது உங்கள் பெரியப்பாவை மாமரத்தடிக்கு ஓட வைத்தது மொத்த வெயிலில் பதினைந்து லட்சத்தில் ஒரு பங்கு! கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாது. 2003 அக்டோபர் 28இல் வந்த எக்ஸ்17 சுடரில்கூட மொத்தச் சூரிய ஒளி கூடியது பத்தாயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைவு. ஆனால் எக்ஸ் கதிர் மட்டும் அமைதியான நாளோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான மடங்கு எகிறும். அதோடு கண்ணுக்குத் தெரிகிற ஒளியின் ஒரு துகள் ஓர் எலக்ட்ரானைக்கூட உதிர்க்க முடியாத அளவு சோனி, இந்த எக்ஸ் கதிர்த் துகள் ஒன்று நாற்பதிலிருந்து முந்நூறு எலக்ட்ரான் வரை உதிர்த்துவிடும். மூட்டம் சட்டென்று கனக்காமல் என்ன செய்யும்?

அப்புறம், எந்த அலை முதலில் சாகும் என்பது. தாழ்ந்த அலைவரிசைதான் முதலில் போகும், கடைசியில்தான் திரும்பும். தாழ்ந்த அலை எலக்ட்ரானை நிதானமாக நீண்ட வீச்சில் ஆட்டுகிறது, ஒரு வீச்சுக்குள் அது பல தடவை இடித்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. உயர்ந்த அலை வெடுக்கென்று இழுத்து வெடுக்கென்று தள்ளிவிடும். கிட்டத்தட்ட அலைவரிசையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இழப்பு வரும். 21 மெகாஹெர்ட்ஸில் 8 டெசிபல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், சக்தியில் ஆறில் ஒரு பங்கு மிஞ்சும், பேச்சு நடக்கும். அதே பாதையில் 7 மெகாஹெர்ட்ஸ் மூன்றில் ஒரு பங்கு அலைவரிசை, ஆகவே இழப்பு ஒன்பது மடங்கு, 72 டெசிபல். ஒன்றரைக் கோடியில் ஒரு பங்குதான் மிஞ்சும். பெரியப்பா என்னதான் சத்தமாகக் கத்தினாலும் வேலைக்கு ஆகாது.

இதில்தான் அனுபவசாலிகளே சறுக்குவார்கள். அலை பிடிக்கவில்லை என்றால் தாழ்ந்த அலைவரிசைக்கு இறங்கிப் பார்ப்பது நம் கைப்பழக்கம், ராத்திரியில் அதுதான் சரியும்கூட. சுடர் நேரத்தில் கீழே இறங்கினால் இன்னும் அடர்ந்த மூட்டத்துக்குள் போகிறோம். 21க்கோ 28க்கோ ஏறிப் பாருங்கள், சில சமயம் அங்கே ஆள் கிடைப்பார்கள். பெரிய எக்ஸ் வகுப்பில் அதுவும் கிடைக்காது, டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். இன்னொரு அடையாளமும் சொல்கிறேன்: இந்த மாதிரி நேரத்தில் எதிராளியின் குரல் மட்டும் போகாது, பின்னால் வழக்கமாக இரைந்துகொண்டிருக்கும் கரகரப்பும் சேர்ந்து போய்விடும். அந்தக் கரகரப்பில் பெரும்பங்கு எங்கோ காங்கோ பக்கம் அடிக்கிற இடிமின்னல், அதுவும் வானத்தில் பட்டுத்தான் நம் வீட்டுக்கு வருகிறது, அதையும் மூட்டம் தின்றுவிடும். பெட்டி செத்துப்போன மாதிரி ஓர் அமைதி. ஆன்டெனா விழுந்துவிட்டது என்று எல்லாரும் நினைப்பது இதனால்தான். 1930இல் ஜெர்மனியில் ஹான்ஸ் மோகல் இதைக் கவனித்து எழுதினார், 1935இல் அமெரிக்காவின் ஜான் டெலிஞ்சர் பல நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்து, பூமியின் பகல் பாதியில் மட்டும் ஒரே நேரத்தில் அடங்குகிறது, ஆகவே சூரியன்தான் காரணம் என்று முடிச்சுப் போட்டார். இரண்டு பேர் பெயரிலும் அந்த விளைவு இன்றைக்கும் வழங்குகிறது.

பகல் பாதி என்றேன் அல்லவா, அதற்கு அதே வாரத்திலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. அதே சூரியப் புள்ளிக் கூட்டம் ஒன்றரை நாளைக்கு முன்னால் எக்ஸ்7.1 ஒன்றை வெடித்தது. அதுவும் சாமானியமானது இல்லை. நமக்கு அப்போது அக்டோபர் 2 பிறந்த நேரம், ராத்திரி பன்னிரண்டு மணி இருபது நிமிடம். சூரியன் பூமிக்கு அந்தப் பக்கம் பசிபிக் மேலே. நமக்கு ஒரு முடிகூட அசையவில்லை, பெரியப்பா நிம்மதியாகத் தூங்கியிருப்பார். எக்ஸ் கதிர் நேர்கோட்டில் வருவது, பூமியைச் சுற்றி வளைந்து வந்து ராத்திரிப் பக்கத்தைத் தொடாது. பகலிலும் சூரியன் தலைக்கு நேரே இருக்கும் இடத்தில்தான் அடி பலம். டிசம்பர் மதியத்தில் டர்பனில் சூரியன் உச்சிக்கு ஏழு டிகிரிக்குள் வந்துவிடும், ஜூன் மாதத்தில் சரிந்து நிற்கும், ஆகவே ஒரே அளவுச் சுடர் நமக்குக் கோடையில் உறைக்கிற மாதிரி குளிர்காலத்தில் உறைக்காது.

இப்போது எஃப்எம். லோட்டஸ் எஃப்எம் 87 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஒலிபரப்பாகிறது, அது வானத்தை நம்பவே இல்லை, கோபுரத்திலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு வருகிறது, டி அடுக்கு இருக்கிற உயரத்துக்கு அது போக வேண்டிய அவசியமே இல்லை. செல்போனும் அப்படித்தான், பக்கத்துத் தெருக் கோபுரம் வரை பேசினால் போதும். சாட்டிலைட் டிவி அலை டி அடுக்கைக் கடந்துதான் வருகிறது, ஆனால் அது பன்னிரண்டாயிரம் மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது, வர்க்கக் கணக்குப் போட்டுப் பாருங்கள், இழப்பு ஒன்றுமில்லை. சாட்டிலைட் டிவி போனால் மழையைத் திட்டுங்கள், சூரியனை விட்டுவிடுங்கள்.

வேடிக்கை என்னவென்றால் மிக மிகத் தாழ்ந்த அலைகள், 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் உள்ளவை, இந்த நேரத்தில் சாவதில்லை, பல பாதைகளில் பலமாகவே ஆகின்றன. அவற்றுக்கு டி அடுக்கின் அடிப்பாகமே கண்ணாடி. அலைநீளம் 15 கிலோமீட்டர் இருக்கிற அலைக்கு அந்த மூட்டம் சுவர் மாதிரி, தரைக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே குழாய்க்குள் தண்ணீர் போகிற மாதிரி போகும். சுடர் வந்தால் அந்தச் சுவர் பகல்நேர 70 கிலோமீட்டரிலிருந்து இறங்குகிறது, பெரிய சுடரில் 60க்கும் கீழே வந்துவிடும். நான் மரச்சட்டத்தில் கம்பி சுற்றி, கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டில் செருகி, ஆஸ்திரேலியாவின் நார்த் வெஸ்ட் கேப்பில் நீர்மூழ்கிகளுக்காக இருக்கிற 19.8 கிலோஹெர்ட்ஸ் நிலையத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், பேச்சு ஒன்றும் வராது, சிக்னலின் பலம் மட்டும் கோடாக ஓடும். அக்டோபர் 3 மதியம் அந்தக் கரையில் இருட்டிவிட்டது, ஆனால் இந்தியப் பெருங்கடல் பாதையில் பாதிக்கு மேல் இன்னும் பகல். நம் 7 மெகாஹெர்ட்ஸ் செத்துக் கிடந்தபோது என் கோடு செங்குத்தாக எழும்பி, பிறகு சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி மெல்லச் சரிந்து இறங்கியது. ஐந்நூறு ராண்ட்கூட ஆகாத சாமானில் சூரியனைப் பார்க்கிற சுகம் இருக்கிறதே, அது தனி.

சுகத்துக்கு மட்டுமில்லை. 2003 நவம்பர் 4இல் வந்த சுடரை அளக்க முடியாமல் செயற்கைக்கோளின் கருவியே திணறிவிட்டது, எக்ஸ்17ஐத் தாண்டியதும் முள் உச்சியில் போய் நின்றுகொண்டது. எக்ஸ்28 இருக்கும் என்று முதலில் மதிப்பிட்டார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் நீல் தாம்சனும் அவருடைய கூட்டாளிகளும் பசிபிக்கைக் கடந்து வந்த இதே மாதிரித் தாழ்ந்த அலைகளின் மாற்றத்தைப் பார்த்து, அயனி மண்டலம் எவ்வளவு தாழ்ந்தது என்று கணக்கிட்டு, அதிலிருந்து பின்னோக்கிப் போய் எக்ஸ்45 என்றார்கள். கருவி எட்டாத இடத்தில் பூமியின் காற்றே கருவியாகிவிட்டது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கதை இதுதான்.

நம் நாட்டில் இதைக் கவனிக்கிற இடம் ஹெர்மானஸ், திமிங்கலம் பார்க்கப் போவோமே அந்த ஊர்தான். கேப் டவுனில் ரயிலை மின்சாரத்துக்கு மாற்றியதால் காந்த அளவீடு கெட்டுப்போகிறது என்று காந்த ஆய்வகத்தை அங்கே தூக்கிக்கொண்டு போனார்கள், 1941இலிருந்து அங்கே இருக்கிறது. இப்போது தென்னாப்பிரிக்க விண்வெளி முகமையின் கீழ் வருகிறது. 2022 நவம்பரில் இருபத்துநான்கு மணி நேர விண்வெளி வானிலை மையமும் திறந்தார்கள். அங்கே அயனோசோண்ட் என்ற கருவி செங்குத்தாக மேலே ரேடியோ துடிப்புகளை அனுப்பி, எந்த அலை எந்த உயரத்திலிருந்து திரும்புகிறது என்று படம் வரைகிறது. பெரிய சுடர் நேரத்தில் அந்தப் படத்தில் ஒன்றுமே இருக்காது, வெற்றுத் தாள். அளக்கப் போன கருவியின் அலையையும் மூட்டம் தின்றுவிடுகிறதே! வெற்றுத் தாள்தான் அங்கே அளவு. காந்தமானியில் மட்டும் கொக்கி மாதிரி ஒரு சின்ன நெளிவு தெரியும், இ அடுக்கில் மின்னோட்டம் கொஞ்ச நேரம் கூடுவதால் வருவது. 1859 செப்டம்பர் 1இல் வானியலாளர் கேரிங்டன் தொலைநோக்கியில் ஒரு சுடரின் வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்த அதே நிமிடங்களில் லண்டன் பக்கத்து கியூவில் காந்த முள் இதே மாதிரி நெளிந்தது. அது என்ன என்று அன்றைக்கு யாருக்கும் விளங்கவில்லை.

உங்கள் இன்னொரு கேள்வி, 2024 மே மாதம் வெஸ்டர்ன் கேப் பக்கம் வானம் இளஞ்சிவப்பாகத் தெரிந்ததே, அதுவும் இதுவும் ஒன்றா என்பது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஆனால் வேறு வேறு ஆள். சுடர் என்பது ஒளி, எட்டு நிமிடம் இருபது நொடியில் வந்துவிடும், டி அடுக்கை அடிக்கும், அரை மணி, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இன்னொன்று சூரியன் தூக்கியெறிகிற பிளாஸ்மாக் கூளம், அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு, அது வந்து சேர ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும், வந்தால் பூமியின் காந்தப்புலத்தை உலுக்கும், அந்தக் காந்தப் புயலில் வானம் நிறம் காட்டும், எஃப் அடுக்கு நிஜமாகவே குலைந்துபோய் நாள்கணக்கில் படுத்தும். ராத்திரி, பகல் பார்க்காது. மின்வலையைத் தொந்தரவு செய்வதும் இதுதான், 2003 அக்டோபர் புயல்களுக்குப் பிறகு நம் நாட்டில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள் சில கெட்டுப்போனதைப் பொறியாளர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சுடரால் கரண்ட் போகாது தம்பி, அதற்கு நமக்கு வேறு காரணங்கள் ஏற்கெனவே தாராளமாக இருக்கின்றன.

சுடர் பெரிதென்றால் புயலும் பெரிது என்றும் கிடையாது. அந்த எக்ஸ்9க்குப் பின்னால் வந்த புயல் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆறு நாள் கழித்து அக்டோபர் 9 அதிகாலை, நமக்கு இருட்டு, எக்ஸ்1.8தான், பெரியப்பாவின் ரேடியோ அதைக் கண்டுகொண்டே இருக்காது. அது எறிந்த கூளம் ஒன்றரை நாளில் வந்து சேர்ந்து, ஐந்து படி அளவையில் நான்காம் படிக் காந்தப் புயலைக் கிளப்பியது.

இனி படகு. கடலில் உங்களிடம் இருப்பது 29 மெகாஹெர்ட்ஸ் செட், விஎச்எஃப், ஜிபிஎஸ், ஆபத்தில் உதவிச் சமிக்ஞை அனுப்புகிற 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன், சரிதானே. விஎச்எஃப் 16ஆம் சேனலை இது தொடாது. 29 மெகாஹெர்ட்ஸில் நீங்கள் கரையோடும் பக்கத்துப் படகோடும் பேசுவது கடல் மேல் நேராகப் போகிற அலையில், அதுவும் தப்பிக்கும். சொல்லப்போனால் சூரியன் மும்முரமாக இருக்கிற வருஷங்களில் எங்கெங்கோ இருக்கிற நாடுகளின் பேச்சு 29இல் வந்து குறுக்கே விழுமே, சுடர் நேரத்தில் அந்த இரைச்சல் அடங்கி உங்கள் பேச்சு இன்னும் தெளிவாகக் கேட்கலாம். பீக்கன் நேராகச் செயற்கைக்கோளுக்குப் பேசுவது, அதற்கும் ஒன்றுமில்லை.

ஜிபிஎஸ் கொஞ்சம் தனிக் கதை. அதன் அலையை டி அடுக்கு தின்ன முடியாது, ஆனால் வழியில் எலக்ட்ரான் கூடினால் சிக்னல் வந்து சேரத் தாமதமாகும், தாமதத்தை ஜிபிஎஸ் தூரம் என்று எடுத்துக்கொள்ளும். 2003 அக்டோபர் 28 சுடரின்போது, நமக்கு மதியம் ஒரு மணி பத்து நிமிடம், சூரியனுக்கு நேர் கீழே ஆப்பிரிக்கப் பக்கம் கூடிய எலக்ட்ரான் அளவைக் கணக்குப் போட்டால் ஒற்றை அலைவரிசை ஜிபிஎஸ்ஸில் சுமார் நான்கு மீட்டர் பிழை வரும். நிலம் அளக்கிறவருக்கு அது தலைவலி, சால்மன் பாறையைத் தேடிப் போகிற உங்களுக்குப் படகின் நீளம்கூட இல்லை. அபூர்வமாகச் சுடரோடு சூரியனே ஜிபிஎஸ் அலைவரிசையில் இரைச்சல் போடும், 2006 டிசம்பர் 6இல் அப்படிப் போட்டபோது பகல் பக்கத்தில் பல ஜிபிஎஸ் கருவிகள் சிறிது நேரம் பிடியை விட்டன. அது அயனி மண்டலத்தின் வேலை இல்லை, நேரடியாகக் காதைச் செவிடாக்குவது. திரையில் இடம் தாவினால் பதறாமல் திசைகாட்டியைப் பார்த்து ஓட்டுங்கள், நம் அப்பாமார்கள் அப்படித்தானே ஓட்டினார்கள்.

நிஜமாகவே கஷ்டப்படுவது ஷார்ட்வேவை நம்பி நடுக்கடலைக் கடக்கிறவர்கள். பெரிய கப்பல்களின் எச்எஃப் என்கிற ஷார்ட்வேவ் செட், ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து பெர்த்துக்குத் தெற்கு இந்தியப் பெருங்கடல் மேல் பறக்கிற விமானம். அவர்களிடம் இப்போது சாட்டிலைட் தொடர்பும் இருக்கிறது, ஆனாலும் எச்எஃப்பை யாரும் கழற்றிப்போடவில்லை. சர்வதேச சிவில் விமான நிறுவனம் 2018இல் விண்வெளி வானிலைக்கு வட்டார மையமாகத் தென்னாப்பிரிக்காவைத் தேர்ந்தெடுத்ததும் இதற்காகத்தான், ஹெர்மானஸிலிருந்துதான் விமானங்களுக்கு அந்தத் தகவல் போகிறது.

முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்குமா என்றால், காந்தப் புயலுக்குக் கிடைக்கும், கூளம் நடந்து வருகிறது, நேரம் இருக்கிறது. சுடருக்குக் கிடைக்காது. அது ஒளி, அது வருகிறது என்ற சேதி அதைவிட வேகமாக வர வழியில்லை. அக்டோபர் 3இல் நாம் 2.18க்குப் பார்த்த உச்சம் சூரியனில் 2.10 வாக்கிலேயே நடந்து முடிந்துவிட்டது, அந்த எட்டு நிமிடமும் பெரியப்பா ஒன்றும் தெரியாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். புள்ளிக் கூட்டத்தின் காந்தச் சிக்கலைப் பார்த்து இன்றைக்கு எக்ஸ் வகுப்பு வர இத்தனை சதவீதம் வாய்ப்பு என்று சொல்வார்கள், மழை வரும் என்கிற மாதிரிதான்.

பெரியப்பாவிடம் சொல்லுங்கள், அடுத்த தடவை இப்படி அடங்கினால் மாமரத்துக்குப் போவதற்கு முன்னால் 28 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு திருப்பு திருப்பிப் பார்க்கட்டும், அதுவும் அடங்கியிருந்தால் என் கம்பிச் சட்டத்தின் கோடு எப்படி இருக்கிறது என்று எனக்கு ஒரு போன் போடட்டும். போன் கண்டிப்பாக வேலை செய்யும்.